ஒரே விஎம், பல மொழிகள்: நேட்டிவ் நீட்சிகளுக்கு எந்த இடைமுகம்?

நிரல்களை ஓட்டும் மெய்நிகர் எந்திரம் ஒன்றை, அதாவது விஎம்மை, ஒரே ஒரு மொழிக்காகக் கட்டும்போது சி நீட்சி (சி-யில் எழுதி, கம்பைல் செய்து, விஎம்மோடு இணைக்கும் நேட்டிவ் நிரல்) என்பது பெரும்பாலும் கடைசியில் நினைவுக்கு வரும் வேலை. மொழி ஓட ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் யாரோ எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் வேண்டும் என்கிறார், இன்னொருவர் தரவைச் சுருக்கும் ஸீலிப் லைப்ரரியைக் கேட்கிறார். விஎம்மின் உள்ளே கிடக்கும் ஹெடர் ஃபைல்களில் நாலைந்தை எடுத்து வெளியே கொடுத்துவிடுகிறோம். ஒரு மொழியோடு நின்றால் இந்த ஏற்பாடு பல ஆண்டுகள் தாங்கும். அதே விஎம்மில் இரண்டாவது மொழி ஏறும்போதுதான் விரிசல் தெரியும். சரம் என்றால் என்ன, பிழை எப்படி மேலே போகும், ஒரு ஆப்ஜெக்ட் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதெல்லாம் முதல் மொழியின் பழக்கப்படி அந்த ஹெடர்களில் உறைந்து போயிருக்கும்.

இந்த முடிவைப் பின்னால் மாற்றுவதும் கடினம். விஎம் ஓட்டும் இடைநிலைக் குறியீடான பைட்கோடின் வடிவத்தை மாற்றினால் திரும்பக் கம்பைல் செய்துகொள்ளலாம். நீட்சி இடைமுகத்தை மாற்றினால், யாரோ எப்போதோ எழுதி, கம்பைல் செய்து, வெளியிட்டு, மறந்தும்போன பைனரிகள் உடையும். ஆகவே வழிகளை ஆற அமர ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

என் சாய்வை முன்பே சொல்லிவிடுகிறேன். பல மொழிகள் பகிரும் விஎம்முக்கு எஃப்எஃப்ஐ, அதாவது சி ஃபங்ஷன்களை மொழியிலிருந்தே நேராக அழைக்கும் வழி, முதலில் வரவேண்டும்; அது போதாத இடத்துக்கு, ஆப்ஜெக்டின் முகவரிக்குப் பதில் ஹேண்டில் என்ற டோக்கனைத் தரும் சின்ன ஏபிஐ (நீட்சி அழைக்கும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஒன்று. ஆப்ஜெக்டின் உள்ளமைப்பைத் திறந்து காட்டுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு, அதுதான் பேச வேண்டியது.

ஸ்ட்ரக்டைத் திறந்து காட்டுவது

மிக எளிய வழி இதுதான். விஎம்முக்குள் ஒரு ஆப்ஜெக்ட் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறதோ அந்த ஸ்ட்ரக்டையே சி எழுதுபவருக்குக் கொடுத்துவிடுவது. ஜாவாவின் 1.0 பதிப்பில் இருந்த நேட்டிவ் இடைமுகம் இப்படித்தான் இருந்தது: ஜாவா ஆப்ஜெக்டின் புலங்களை சி ஸ்ட்ரக்டின் உறுப்புகளாக நேரடியாகத் தொடலாம். ஆனால் ஆப்ஜெக்ட் நினைவகத்தில் எப்படி உட்காரும் என்று மொழியின் வரையறை எதுவும் சொல்லவில்லை. வேறு விதமாக அடுக்கும் ஒரு ஜேவிஎம்மில் (ஜாவாவின் விஎம்மில்) அதே பைனரி ஓடாது. பயன்படாத நினைவகத்தை மீட்கும்போது ஆப்ஜெக்டை இடம் மாற்றும் குப்பை சேகரிப்பானையும் போட முடியாது, ஏனென்றால் சி பக்கம் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். 1997-இல் வந்த 1.1 பதிப்பிலேயே அதைத் தள்ளிவிட்டு ஜேஎன்ஐ என்ற புதிய நேட்டிவ் இடைமுகத்துக்கு மாறினார்கள். பயனர்கள் குறைவாக இருந்த காலம் என்பதால் தப்பித்தார்கள்.

பைத்தானின் மூலச் செயலாக்கமான சிபைத்தானுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அங்கே ஒவ்வொரு ஆப்ஜெக்டின் தலைப்பகுதியிலும் அதை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற ரெஃபரன்ஸ் எண்ணிக்கை உண்டு. அதைக் கூட்டிக் குறைக்கும் மேக்ரோக்கள் நீட்சியின் பைனரிக்குள்ளேயே கம்பைல் ஆகி உட்கார்ந்துவிடுகின்றன. வேகம் அருமை. நம்பை போன்ற பெரிய எண் கணக்கு லைப்ரரிகள் வளர்ந்ததற்கு அந்தத் தாராளமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். விலையைக் கொடுத்தது மற்ற செயலாக்கங்கள். பைத்தானின் மாற்றுச் செயலாக்கமான பைபை விஎம்மில் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை கிடையாது, ஆப்ஜெக்டுகள் இடமும் மாறும். சி நீட்சி ஒன்றை அங்கே ஓட்ட வேண்டுமானால், எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் அசையாத இடத்தில் ஒரு போலி சிபைத்தான் ஆப்ஜெக்டை உருவாக்கி, இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு, இரண்டின் ஆயுளையும் ஒத்துப்போக வைக்க வேண்டும். வேகத்துக்காக எழுதிய நீட்சியே அங்கே தடைக்கல்லாகிவிடும்.

வேறு விஎம்மை விடுங்கள், சொந்த வீட்டிலேயே அடி விழுந்தது. ஒரு நேரத்தில் ஒரே த்ரெடை மட்டும் ஓடவிடும் ஒற்றைப் பூட்டு இல்லாத பைத்தானைக் கொண்டுவர 3.13-இல், 2024 அக்டோபரில், ஒரு தனி வடிவத்தை வெளியிட்டார்கள். அதில் எண்ணிக்கை இரண்டாகப் பிரிகிறது: ஆப்ஜெக்டை உருவாக்கிய த்ரெடுக்கு ஒன்று, மற்ற த்ரெடுகளுக்கு ஒன்று. தலைப்பகுதியே மாறிவிட்டதால் நீட்சிகளை அந்த வடிவத்துக்கெனத் தனியாகக் கம்பைல் செய்ய வேண்டியிருக்கிறது. உள்ளமைப்பைக் காட்டியதற்கான கடன், வட்டியோடு.

ஒரு மொழியின் ஏபிஐ-யை இன்னொரு விஎம்மில் போலச் செய்வது

“புதிதாக எதுவும் வேண்டாம், மொழிக்கு ஏற்கெனவே இருக்கும் சி ஏபிஐ-யையே நம் விஎம்மின் மேல் செய்துகாட்டிவிடுவோம், எல்லா நீட்சிகளும் இலவசமாக வந்துவிடும்.” இந்த யோசனை யாருக்கும் வரும். ஜேவிஎம் மேல் ஓடும் ஜேரூபி இதைச் செய்து பார்த்தது. 2011-இல் வந்த 1.6 பதிப்பில் ரூபியின் சி நீட்சிகளுக்குச் சோதனை நிலை ஆதரவு வந்தது, 2015-இன் 9.0 பதிப்பில் அது முழுவதுமாக எடுக்கப்பட்டது.

ஏன் தோற்றது என்பதில்தான் பாடம் இருக்கிறது. ரூபியின் சி ஏபிஐ-யில் ஒரு சரத்தின் பைட்டுகளுக்கு நேரடிப் பாயிண்டர் கிடைக்கும். நீட்சி அதை வாங்கி, அதில் நேராக எழுதும், எழுதிவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாது. ஜேவிஎம் குவியலில் (ஆப்ஜெக்டுகள் இருக்கும் நினைவகத்தில்) கிடக்கும் பைட் அணிக்கு அப்படி நிலையான முகவரி தர முடியாது. எனவே கடக்கும்போதெல்லாம் வெளியே நகலெடு, திரும்பும்போது உள்ளே நகலெடு. எப்போது நகலெடுக்க வேண்டும் என்பதே சில இடங்களில் ஊகம்தான். அதோடு சேர்ந்து த்ரெட் பிரச்சினை. மூல ரூபியில் ஒரு பெரிய பூட்டு இருக்கிறது, நீட்சி எழுதியவர்கள் அதை நம்பித்தான் எழுதியிருக்கிறார்கள். ஜேரூபியில் த்ரெடுகள் உண்மையிலேயே ஒரே சமயத்தில் ஓடுகின்றன. சி நீட்சிக்காக அந்தப் பூட்டைத் திரும்பக் கொண்டுவந்தால், ஜேரூபியைத் தேடி வந்த காரணமே போய்விடும்.

கிரால்விஎம் என்ற பல மொழி விஎம்மில் ஓடும் ட்ரஃபிள்ரூபி இதையே வேறு கோணத்தில் அணுகியது. சி மூலத்தை எல்எல்விஎம் கம்பைலரின் இடைநிலைக் குறியீடான பிட்கோடாகக் கம்பைல் செய்து, சூலாங் என்ற பகுதி மூலம் அந்த சி நிரலையே விஎம்முக்குள் ஓட்டினார்கள். சி-யும் விஎம்மின் இன்னொரு விருந்தாளி மொழி ஆகிவிட்டால், பாயிண்டர் படிப்பதையே விஎம் இடைமறித்துக்கொள்ளலாம். ஓடும்போதே எந்திரக் குறியீட்டை உருவாக்கும் ஜிட் இரு மொழிகளின் எல்லையைத் தாண்டியும் உகப்பாக்கம் செய்யலாம். அறிவுக்கூர்மையான வேலை, மறுக்க முடியாது. ஆனால் தொடங்கும் நேரமும் சூடேறும் நேரமும் கூடுகின்றன. 2024-இல் ட்ரஃபிள்ரூபியும் நீட்சிகளை இயல்பாக நேட்டிவாகவே ஓட்டும் முறைக்கு மாறிவிட்டது. இத்தனை திறமையும் உழைப்பும் உள்ள குழுவே அங்கே வந்து சேர்ந்தது என்றால், சிறு குழு எதுவும் அந்தப் பக்கம் தலைவைக்காமல் இருப்பது நல்லது.

ஹேண்டில்கள்

ஹேண்டில் முறையில் நீட்சிக்கு ஆப்ஜெக்டின் முகவரி ஒருபோதும் கிடைக்காது. விஎம் வைத்திருக்கும் அட்டவணையில் ஏதோ ஒரு வரிசையைக் குறிக்கும் டோக்கன்தான் கிடைக்கும். ஆப்ஜெக்ட் இடம் மாறினால் அட்டவணையில் திருத்திக்கொள்வது விஎம்மின் பாடு. ஜேஎன்ஐ, ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்டின் நோட்-ஏபிஐ, பைத்தானுக்கான எச்பை, 2016-இல் எடிட்டரான ஈமாக்ஸ் 25.1-இல் வந்த டைனமிக் மாட்யூல்கள் எல்லாம் இதே குடும்பம். ஈமாக்ஸ் வெளிப்படையாகவே ஜேஎன்ஐ-யின் சாயலில் செய்யப்பட்டது.

இவற்றில் பொதுவான இன்னொரு நல்ல பழக்கம்: ஒவ்வொரு அழைப்பிலும் முதல் அளவுருவாக ஒரு சூழல் பாயிண்டர் வரும். நோட்-ஏபிஐ தவிர மற்றவற்றில் அதன் உள்ளே ஃபங்ஷன்களின் அட்டவணை இருக்கும். அவற்றில் நீட்சி எந்த விஎம் சின்னத்தோடும் (வெளியே தெரியும் ஃபங்ஷன் பெயரோடும்) நேரடியாக லிங்க் ஆவதில்லை. அட்டவணையின் கடைசியில் மட்டும் புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே போனால் பழைய பைனரி அப்படியே ஓடும். 2017-இல் நோட் 8-இல் நோட்-ஏபிஐ வந்ததற்குக் காரணமே, நோட்டின் அடியில் ஓடும் வி8 ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினின் சி++ ஏபிஐ ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் மாறி நீட்சிகளை உடைத்ததுதான். சக்ரா எஞ்சினோடு ஓடும் நோட் ஒன்றும் அப்போது இருந்தது. எஞ்சின் எதுவானாலும் ஓட வேண்டும் என்ற நெருக்கடி இடைமுகத்தைச் சுத்தமாக்கியது. 2019-இல் தொடங்கிய எச்பை இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே பைனரி சிபைத்தான், பைபை, கிரால்பை மூன்றிலும் ஓடும்படி வடிவமைக்கப்பட்டது.

ஹேண்டிலின் ஆயுள் விஷயத்தில் இரண்டு பள்ளிகள் உண்டு. ஜேஎன்ஐ-யில் லோக்கல் ரெஃபரன்ஸ்கள் எனப்படும் ஹேண்டில்கள் ஃபங்ஷன் திரும்பியதும் தானாகவே விடுவிக்கப்படும். எழுதுபவருக்கு வசதி. ஆனால் ஓர் அழைப்புக்கு 16 லோக்கல் ரெஃபரன்ஸ்களுக்குத்தான் விஎம் உறுதி தரக் கடமைப்பட்டது. லட்சம் உறுப்புள்ள அணியை ஒரு சுற்றில் ஓட்டும்போது ஒவ்வொன்றையும் விடுவிக்க மறந்தால் அட்டவணை வீங்கும். சோதனையில் பத்து உறுப்புகளோடு ஓட்டியவருக்கு இது தெரியவே தெரியாது. எச்பையில் திறந்த ஒவ்வொரு ஹேண்டிலையும் நீங்களே மூட வேண்டும். எழுதும்போது எரிச்சல்தான். ஆனால் மூடாமல் விட்டதை டீபக் முறை பிடித்துக் கொடுத்துவிடும். என் ஓட்டு இரண்டாவதற்கு. தானாக விடுவிக்கப்படுவதை நம்பி எழுதியவர் அதை எங்கே நம்பியிருக்கிறார் என்பது நிரலில் எங்கும் எழுதியிருக்காது.

விலை என்ன? எண்ணை வாங்கி எண்ணைத் தரும் சின்ன ஃபங்ஷன்களில் பெரிதாகத் தெரியாது. ஆப்ஜெக்டுகளைக் குடைந்துகொண்டே இருக்கும் நீட்சிகளில் ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு மறைமுக அழைப்பு. பெரிய அணிகளுக்கு ஜேஎன்ஐ ஒரு விதிவிலக்கான வழி வைத்திருக்கிறது: கொஞ்ச நேரத்துக்கு உண்மையான முகவரியைத் தரும், அதுவரை விஎம் அந்த அணியை அசைக்காது. ஜாவாவின் ஜி1 சேகரிப்பானில் இதற்காகப் பல ஆண்டுகள் குப்பை சேகரிப்பையே நிறுத்தி வைத்தார்கள். ஒரு நீட்சி தாமதித்தால் மற்ற த்ரெடுகளும் காத்திருக்கும். ஜாவாவின் ஜேடிகே 22 பதிப்பில்தான் அந்தப் பகுதியை மட்டும் அசையாமல் பிடித்துவைக்கும் திருத்தம் வந்தது. “கொஞ்ச நேரத்துக்கு மட்டும்” என்று இடைமுகத்தில் எழுதும் ஒவ்வொரு சலுகையும் சேகரிப்பான் எழுதுபவரின் தலையில் விடியும்.

பல மொழிகள் என்று வரும்போது ஜேஎன்ஐ-யில் வேறொரு குறை தெரிகிறது. ஹேண்டில் என்ற அடிப்படை சரி, ஆனால் அட்டவணையில் இருக்கும் ஃபங்ஷன்கள் எல்லாம் ஜாவாவின் முகம் கொண்டவை. வகுப்பைத் தேடு, மெத்தடின் சிக்னேச்சரை (அளவுருக்களின் வகையும் திரும்பும் வகையும்) கொடு, அழை. ஜேவிஎம்மில் ஓடும் குளோஜர் மொழியின் ஃபங்ஷன் ஒன்றை அழைக்க வேண்டுமானாலும் அதன் அடியில் இருக்கும் ஜாவா முகத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சரங்களோ ஒன்று யுடிஎஃப்-16 வடிவில் வரும், இல்லையென்றால் ஜாவாவுக்கே உரிய மாற்றியமைத்த யுடிஎஃப்-8 வடிவில் வரும். இரண்டாவதில் சுழி எழுத்து இரண்டு பைட்டாக வரும், பெரும்பாலான ஈமோஜிகள் வழக்கமான நாலு பைட்டுக்குப் பதிலாக ஆறு பைட்டாக வரும். சரத்தை வெறும் பைட்டுகளும் குறியீட்டு முறையுமாகப் பார்க்கும் ரூபிக்கு இது எந்த விதத்திலும் பொருந்தாது.

லுவா மொழியின் ஸ்டாக் முறை ஹேண்டிலுக்குத் தம்பி மாதிரி. ஹேண்டிலும் இல்லை, முகவரியும் இல்லை. மதிப்புகள் எல்லாம் விஎம்மின் ஸ்டாக்கில், நீட்சிக்கு எண் குறியீடு மட்டும். குப்பை சேகரிப்பானுக்கு எல்லாம் கண்ணில் படும், ஏபிஐ கைக்கு அடக்கம். ஃபென்னல், மூன்ஸ்கிரிப்ட் போன்ற மொழிகள் லுவாவாகவே மாறுவதால் அவையும் சிக்கலில்லாமல் பயன்படுத்துகின்றன. ஆனால் பிழை வந்தால் சி ஸ்டாக்கைத் தாண்டிக் குதித்துவிடும், இடையில் திறந்த ஃபைலை மூட யாருமில்லை. ஸ்டாக்கில் எது எத்தனையாவது என்று மனதில் வைத்துக்கொண்டே எழுத வேண்டும். சிறிய, பதித்து வைக்கும் விஎம்முக்கு இதைவிட நல்லது இல்லை. பெரிய நீட்சிகளுக்கு எனக்கு இது பிடிப்பதில்லை.

எஃப்எஃப்ஐ: சி பக்கம் எதுவும் எழுதாமல்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் விஎம்மைத் தெரிந்த சி நிரலை எழுத வேண்டும். எஃப்எஃப்ஐ அதைத் தலைகீழாக்குகிறது. சி லைப்ரரிக்கு விஎம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எந்த ஃபங்ஷன், என்ன வகை அளவுருக்கள் என்று மொழியின் பக்கத்திலிருந்தே அறிவித்துவிட்டு அழைக்கிறோம். பைத்தானின் 2.5-இல் 2006-இல் சேர்ந்த சிடைப்ஸ், 2012-இல் வந்த சிஎஃப்எஃப்ஐ, லுவாஜிட்டின் எஃப்எஃப்ஐ, டாட்நெட்டின் பி-இன்வோக், ஜாவாவின் பனாமா திட்டம் எல்லாம் இந்த வரிசை.

பல மொழி விஎம்முக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதற்கு ரூபியின் எஃப்எஃப்ஐ ஜெம் என்ற லைப்ரரியின் பயணமே சான்று. ரூபினியஸ் என்ற மாற்றுச் செயலாக்கத்தில் பிறந்தது, ஜேரூபிக்குப் போனது, பிறகு மூல ரூபிக்கும் வந்தது. உள்ளே அடிமுதல் முடிவரை வேறான மூன்று விஎம்கள், மேலே ஒரே ரூபி நிரல். சி ஏபிஐ-யைப் போலச் செய்ய ஜேரூபி பட்ட பாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பல மொழிகளுக்காகவே திட்டமிட்ட பேரட் விஎம்மும் இந்த வழியில்தான் யோசித்தது. சிக்னேச்சரை ஓரெழுத்துக் குறிகளின் சரமாகக் கொடுத்தால் அழைப்பைச் செய்துதரும். சிக்கல், ஒவ்வொரு சிக்னேச்சருக்கும் முன்கூட்டியே ஓர் ஒட்டு ஃபங்ஷன் கம்பைல் ஆகியிருக்க வேண்டும் என்பது. பட்டியலில் இல்லாத சேர்க்கை வந்தால் திண்டாட்டம். இன்று லிப்எஃப்எஃப்ஐ அல்லது டின்கால் போன்ற லைப்ரரியை வைத்து ஓடும்போதே அழைப்பைக் கட்டிக்கொள்ளலாம். இன்னும் நல்லது, ஜிட்டே அதை உருவாக்குவது. லுவாஜிட்டில் சூடான சுற்றுக்குள் வரும் சி அழைப்பு, கம்பைல் ஆன எந்திரக் குறியீட்டில் நேரடி அழைப்பாகவே மாறிவிடுகிறது.

பனாமாவின் வரலாறு, இதை அவசரமில்லாமல் செய்தால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறது. நினைவகப் பகுதி 2020-இல் ஜேடிகே 14-இல் முன்னோட்டமாக வந்தது, அழைக்கும் பகுதி 2021-இல் 16-இல் வந்தது, இரண்டும் சேர்ந்து இறுதியானது 2024 மார்ச்சில், 22-இல். இடையில் பெயர்களும் வடிவமும் பலமுறை மாறின. கடைசியில் கிடைத்த ‘அரீனா’ என்ற கருத்து எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு அரீனாவில் ஒதுக்கிய நினைவகம் முழுவதும் அரீனா மூடும்போது ஒன்றாகப் போகும், மூடியபின் தொட்டால் விஎம் கவிழாமல் எக்ஸெப்ஷன் வரும். இது ஜாவா மொழியின் அம்சமல்ல, லைப்ரரியின் அம்சம். ஸ்காலாவோ கோட்லினோ ஜேரூபியோ நேராக எடுத்துக்கொள்ளலாம்.

குறைகள் கொஞ்சமல்ல. சி ஹெடரில் இருக்கும் மேக்ரோ பைனரியில் கிடையாது. ஒரு ஸ்ட்ரக்டின் அளவு தளத்துக்குத் தளம் மாறும். கையால் எழுதிய அறிவிப்பு லினக்ஸில் சரியாகவும் விண்டோஸில் தவறாகவும் இருக்கலாம். அதனால்தான் ஹெடரைப் படித்து அறிவிப்பை உருவாக்கும் ஜெக்ஸ்ட்ராக்ட் போன்ற கருவி கட்டாயமாகிறது. சி-யின் பிழை எண்ணான எர்ர்நோ தனித் தொல்லை: சி ஃபங்ஷன் திரும்பியதற்கும் நாம் அதைப் படிப்பதற்கும் இடையில் விஎம்மே ஏதாவது சிஸ்டம் அழைப்பு செய்து அதை அழித்துவிடலாம். எனவே “திரும்பிய உடனே எடுத்து வை” என்ற விருப்பம் அழைப்பின் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். பனாமாவிலும் டாட்நெட்டிலும் இருக்கிறது. சொந்தமாக எஃப்எஃப்ஐ எழுதுபவர்கள் தவறாமல் மறப்பது இதைத்தான்.

சிக்னேச்சரைத் தவறாகக் கொடுத்தால் பாதுகாப்பான மொழியிலிருந்தே விஎம் கவிழும். ஜாவா இதற்கு அனுமதிக் கொடி வைத்தது. 2025-இல் ஜேடிகே 24-இலிருந்து அனுமதி இல்லாமல் ஜேஎன்ஐ-யைப் பயன்படுத்தினாலும் எச்சரிக்கை வரும்.

எஃப்எஃப்ஐ உண்மையிலேயே போதாத இடம் ஒன்று உண்டு. ஒரு ஜேசன் பாகுபடுத்தியை சி-யில் எழுதுகிறோம். அது ஆயிரக்கணக்கில் விஎம் ஆப்ஜெக்டுகளை உருவாக்க வேண்டும். எஃப்எஃப்ஐ-யில் ஒன்று, சி ஸ்ட்ரக்டுகளாக உருவாக்கி மொழிப் பக்கம் மறுபடி மாற்ற வேண்டும். அல்லது ஒவ்வொரு உறுப்புக்கும் சி-யிலிருந்து மொழிக்கு ஒரு கால்பேக். முதலாவது இரட்டை வேலை, இரண்டாவது மெதுவு. இங்கேதான் ஹேண்டில் ஏபிஐ தேவைப்படுகிறது.

மொழிகள் எவ்வளவு தூரம் ஒரே மதிப்புகளைப் பகிர்கின்றன?

எந்த வழி என்பதை நிர்ணயிப்பது விஎம் அல்ல, இந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எர்லாங்கின் விஎம்மான பீமில் எர்லாங், எலிக்ஸர், கிளீம் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே மதிப்புகளைத்தான் கையாள்கின்றன: ஆட்டம், டியூப்பிள், லிஸ்ட், மேப், பைனரி. எலிக்ஸரின் ஸ்ட்ரக்ட் அடியில் ஒரு மேப். எனவே 2009-இல் எர்லாங்குக்கு வந்த, சி ஃபங்ஷன்களை இணைக்கும் நிஃப் இடைமுகம் எலிக்ஸருக்கு எந்த மாற்றமும் இல்லாமல் கிடைத்தது. ரஸ்ட்டில் நிஃப் எழுத உதவும் ரஸ்ட்லரை எலிக்ஸர்காரர்கள் இன்று சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கேயும் சின்னச் சின்ன உரசல்கள் உண்டு: எலிக்ஸரின் சரம் யுடிஎஃப்-8 பைனரி, எர்லாங்கில் மேற்கோளுக்குள் எழுதும் சரம் எண்களின் லிஸ்ட்; ‘இல்லை’ என்பதற்கு ஒரு பக்கம் நில், மறுபக்கம் அன்டிஃபைன்ட். பைனரியை வாங்குவதா லிஸ்டை வாங்குவதா என்று நீட்சி எழுதியவர் முடிவு செய்துவிட்டால் போதும்.

டாட்நெட்டும் ஏறக்குறைய அப்படி. சி#, எஃப்#, விபி மூன்றுக்கும் சரம் ஒரே சரம், எக்ஸெப்ஷன் ஒரே எக்ஸெப்ஷன். பி-இன்வோக்கின் மதிப்பு மாற்றும் வேலை விஎம்மில் இருந்ததால் மூன்று மொழிகளும் தத்தம் எழுத்துமுறையில் அதையே அழைத்தன. அதே டாட்நெட்டில் ஓடும் அயர்ன்பைத்தானுக்கு நம்பை போன்ற நீட்சிகள் தேவைப்பட்டபோதுதான் அயர்ன்கிளாட் போன்ற போலச்செய்யும் முயற்சிகள் வந்தன. பைட்கோடு ஒன்று என்பதால் மதிப்புகளும் ஒன்று என்று ஆகிவிடாது.

பீம் இன்னொரு விஷயத்தையும் கற்றுத்தருகிறது: இடைமுகம் நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும். நிஃப் ஒன்று ஒரு மில்லிசெகண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது வழிகாட்டுதல், ஏனென்றால் அது ஓடும்வரை, ப்ராசஸ்களுக்கு நேரம் பங்கிடும் அந்த ஷெட்யூலர் வேறு எந்த ப்ராசஸையும் கவனிக்காது. நீண்ட வேலைகளுக்கு டர்ட்டி ஷெட்யூலர்கள் என்று தனியாக உண்டு. 2017-இல் எர்லாங்கின் ஓடிபி 20 பதிப்பிலிருந்து அவை இயல்பாகவே உண்டு. ஒவ்வொரு நிஃபையும் பதிவு செய்யும்போதே எந்த வகை என்று குறித்துவிடலாம். நான் வடிவமைப்பதாக இருந்தால் இந்தக் குறிப்பைக் கட்டாயமாக்குவேன்.

பீமில் 64 பைட்டுக்கு மேற்பட்ட பைனரிகள் ப்ராசஸின் குவியலுக்கு வெளியே இருக்கும், மாறவும் மாறாது. அதனால் நிஃப் நகலெடுக்காமலே படிக்கலாம். ஜேஎன்ஐ அத்தனை தடுமாறிய இடத்தில் இங்கே சத்தமே இல்லை. மாறாத மதிப்புகள் உள்ள விஎம்மில் நீட்சி இடைமுகம் பாதி எளிதாகிவிடுகிறது.

வெளியே வைத்துவிடுவது

நிஃப் ஒன்று கவிழ்ந்தால் பீம் முழுவதும் கவிழும். பிழை தாங்குவதற்கே பெயர் போன விஎம்முக்கு இது பெரிய சங்கடம். அதனால் பழைய போர்ட் முறை இன்னும் உயிரோடு இருக்கிறது: சி நிரல் தனி ஓஎஸ் ப்ராசஸாக ஓடும், பைட்டுகளால் பேசும், இறந்தால் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். பெரிய வீடியோவை மாற்றுவது போன்ற வேலைக்குப் போதுமானது, நுண்ணிய அழைப்புகளுக்கு ஆகாது.

நடுவே இருப்பது வெப்அசெம்பிளி, சுருக்கமாக வாஸ்ம். நீட்சியை வாஸ்ம் மாட்யூலாகக் கம்பைல் செய்தால் அதன் நினைவகம் தனி, விஎம்மின் நினைவகத்தை அதனால் தொட முடியாது. வாஸ்மின் காம்பொனென்ட் மாடல் சரம், லிஸ்ட், ரெக்கார்ட் போன்ற வகைகளை எந்த மொழிக்கும் சாராமல் விவரிக்கிறது. அதன் மேல் கட்டிய வாசி என்ற சிஸ்டம் இடைமுகத்தின் 0.2 பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது. அதில் வெளிப்பொருள்களைக் குறிக்கும் ‘ரிசோர்ஸ்’ என்பதும் அடியில் ஒரு ஹேண்டில்தான், உரிமையா இரவலா என்று வகையிலேயே எழுதியிருக்கும். மதிப்புகள் எல்லையில் நகலெடுக்கப்படும். முன்பின் தெரியாதவர் எழுதிய நீட்சியை ஓட்ட வேண்டுமென்றால் இதைத்தான் எடுப்பேன். ஜிபியு டிரைவரைத் தொடும் வேலைக்கு இப்போதைக்கு வேண்டாம்.

கையில் ஒரு விஎம் இருந்தால்

முதலில் எஃப்எஃப்ஐ, விஎம்முக்குள்ளேயே, எந்த மொழியின் பாகமாகவும் இல்லாமல். ஹெடரிலிருந்து அறிவிப்பை உருவாக்கும் கருவியும் அதோடு சேர்ந்தே. அதன்பின் ஹேண்டில் ஏபிஐ, முடிந்தவரை சிறியதாக: மதிப்பை உருவாக்கு, படி, அழை, ஹேண்டிலை நகலெடு, மூடு. இரண்டு ஹேண்டில்கள் ஒரே ஆப்ஜெக்டா என்று பார்க்கவும் ஒரு ஃபங்ஷன் வேண்டும், ஏனென்றால் ஒரே ஆப்ஜெக்டுக்கு இரண்டு டோக்கன்கள் இருக்கலாம். அவற்றை நேராக ஒப்பிடுவது தவறு.

சரம் எப்போதும் பைட்டுகள், நீளம், குறியீட்டு முறை என்ற மூன்றாக. பிழை எப்போதும் திரும்பும் மதிப்பாக, சி ஸ்டாக்கைத் தாண்டிக் குதிப்பதாக இல்லாமல். ஜேஎன்ஐ போல ‘எக்ஸெப்ஷன் ஒன்று காத்திருக்கிறது’ என்ற மறைவான நிலையும் வேண்டாம். சரிபார்க்க மறந்தவர்களின் நிரல் அடுத்த அழைப்பில் விசித்திரமாக நடந்துகொள்ளும். ரூபிக்கு எக்ஸெப்ஷனாகவோ எலிக்ஸருக்கு டியூப்பிளாகவோ அதை மாற்றுவது மேலே அந்தந்த மொழியில் எழுதிய மெல்லிய அடுக்கின் வேலை. அந்த அடுக்கு சி-யில் இருக்கக் கூடாது. சி-யில் இருந்தால் மூன்று மொழிக்கு மூன்று நீட்சிகள் ஆகிவிடும்.

ஏற்கெனவே ஆயிரக்கணக்கான நீட்சிகள் உள்ள மொழியை விஎம்முக்குக் கொண்டுவருகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போதும் பழைய ஏபிஐ முழுவதையும் போலச் செய்ய இறங்க வேண்டாம். எந்த நீட்சிகள் உண்மையில் தேவை என்று பாருங்கள். பல நீட்சிகள் ஒரு சி லைப்ரரியின் மேல் போட்ட மேலுறைதான். அவற்றை எஃப்எஃப்ஐ-யில் திரும்ப எழுதலாம். ஆப்ஜெக்டுகளில் ஆழமாக இறங்குபவை சிலதான் இருக்கும், அவற்றை ஹேண்டில் ஏபிஐ-க்கு மாற்ற அதன் ஆசிரியர்களுக்கு ஆள் கொடுங்கள், படிப்படியாக மாற்ற வழி வைத்து. எச்பை பழைய அழைப்புகளும் புதியவையும் ஒரே நீட்சியில் கலந்து இருக்க அனுமதித்தது அதற்காகத்தான்.

பதிப்பு 1 என்று எண் போடும் முன் ஒரு பொம்மை மொழியை அந்த விஎம்மில் ஏற்றிப் பாருங்கள். முதல் மொழியோடு வேண்டுமென்றே முரண்படும்படி. முதல் மொழியில் சரம் யுனிகோடு என்றால் இதில் வெறும் பைட்டுகள், அங்கே எண்ணுக்கு 64 பிட் எல்லை என்றால் இங்கே எல்லை இல்லை, அங்கே எக்ஸெப்ஷன் என்றால் இங்கே பிழை என்பது சாதாரண மதிப்பு. அதிலிருந்து எஸ்க்யூலைட்டைத் திறந்து ஒரு கேள்வியை ஓட்டி, நடுவில் வேண்டுமென்றே ஒரு பிழையை எழுப்புங்கள். அப்போது ஹேண்டில் அட்டவணையில் எத்தனை மூடாமல் கிடக்கின்றன, எந்த ஃபங்ஷனின் வரையறையில் முதல் மொழியின் பெயர் எட்டிப் பார்க்கிறது என்று பாருங்கள். அந்தப் பட்டியல் காலியாகும்வரை எண்ணை 0-விலேயே வைத்திருக்கலாம்.